சலாம் போட்ட குழந்தை! வலிப்பின் ஊற்றைக் காட்டிய எலிக்குஞ்சுகள்

1841-ம் ஆண்டு. இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் என்ற ஊர்.

அந்த ஊரில் வில்லியம் வெஸ்ட் என்று ஒரு டாக்டர் இருந்தார். ஊராருக்கு எல்லாம் வைத்தியம் பார்ப்பவர். ஆனால் அவருடைய வீட்டிலேயே ஒரு நோயாளி இருந்தான். அவன் வேறு யாரும் அல்ல, அவருடைய சொந்த மகன்! பெயர் ஜேம்ஸ். வயது ஒன்றுகூட நிரம்பவில்லை.

ஜேம்ஸ் பிறந்தபோது நல்ல ஆரோக்கியத்துடன் இருந்தான். நான்கு மாதம் வரை நன்றாக வளர்ந்தான். பிறகு அவனுடைய தலை லேசாக முன்பக்கம் குனிய ஆரம்பித்தது. முதலில் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

நாளாக ஆக, அது அதிகமாயிற்று. தலை முழங்காலை நோக்கிக் குனியும். உடனே நிமிரும். சில வினாடி கழித்து மறுபடியும் குனியும். இப்படி 10 தடவை, 20 தடவை! இரண்டு மூன்று நிமிடத்தில் ஓய்ந்துவிடும். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை இதுபோல் வரும்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. குழந்தையின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. யாரையும் கவனித்துப் பார்ப்பதில்லை. கை கால்களிலும் வயதுக்கு ஏற்ற பலம் இல்லை.

தகப்பனார் தமக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் செய்தார். அட்டையை விட்டு இரத்தம் உறிஞ்சச் செய்தார். பேதி மருந்து கொடுத்தார். பல் முளைப்பதுதான் காரணமோ என்று ஈறைக் கீறிவிட்டார். அபின் கூடக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில் அவர், "லான்செட்" என்ற வைத்தியப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். மகனுடைய நிலையை அதில் விவரித்து, இந்த நோயைப் பற்றித் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

லண்டனில் ஒரு பெரிய டாக்டர் இதே மாதிரி சில குழந்தைகளைப் பார்த்திருந்தார். அவர் இதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். குனிந்து சலாம் போடுவது போல இருப்பதால், "சலாம் வலிப்பு" என்றார். பெயர் இருந்தது. மருந்து இல்லை!

ஜேம்ஸ் 1860-ம் ஆண்டில் இறந்தான். கடைசி வரை அவனுடைய அறிவு வளரவே இல்லை. அந்தத் தகப்பனாரின் நினைவாக, இந்த நோய்க்கு இப்போது "வெஸ்ட் நோய்" என்று பெயர்.

117 ஆண்டுக்குப் பிறகு

1958-ம் ஆண்டு. பெல்ஜியம் நாட்டில் இரண்டு டாக்டர்கள் ஒரு புதிய மருந்தை இந்தக் குழந்தைகளுக்கு ஊசி மூலம் போட்டுப் பார்த்தார்கள்.

அது வழக்கமான வலிப்பு மருந்து அல்ல. ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன். "ஹார்மோன்" என்பது உடம்பில் உள்ள சுரப்பிகளில் ஊறும் ஒரு வகை இரசாயனப் பொருள். இரத்தத்தோடு கலந்து போய், உடம்பின் ஒரு பகுதியில் இருந்து இன்னொரு பகுதிக்குத் தகவல் சொல்லும் தபால்காரன் அது.

என்ன ஆச்சரியம்! மற்ற மருந்துகளுக்கு மசியாத சலாம் வலிப்பு, சில நாட்களிலேயே நின்றது. குழந்தையின் மூளையில் தாறுமாறாக ஓடிய மின்சாரமும் சீர்பட்டது.

டாக்டர்களுக்கு மகிழ்ச்சி. ஆனால் கூடவே ஒரு புதிரும் பிறந்தது.

ஏ.சி.டி.எச். என்பது, உடம்பு ஆபத்தைச் சமாளிப்பதற்காக ஊறும் ஹார்மோன். அதற்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்? அது எப்படி வலிப்பை நிறுத்துகிறது?

பல ஆண்டுகள் வரை யாருக்கும் பதில் தெரியவில்லை. மருந்து வேலை செய்தது. காரணம்தான் மர்மமாக இருந்தது.

ஆபத்து வந்தால்...

இருட்டில் நடந்து போகிறீர்கள். காலடியில் ஏதோ நெளிகிறது. பாம்பு! உடனே நெஞ்சு படபடக்கிறது. உடம்பு வேர்க்கிறது. அந்த நேரத்தில் மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்றதும் அது ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. அதன் பெயர் சி.ஆர்.எச்.

சி.ஆர்.எச். நேராகப் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகிறது. அது மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் சுரப்பி. தகவல் கிடைத்ததும் பிட்யூட்டரி, ஏ.சி.டி.எச். ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது.

ஏ.சி.டி.எச். எங்கே போகிறது? சிறுநீரகங்களின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போகிறது. அங்கே கார்ட்டிசால் என்ற மூன்றாவது ஹார்மோன் ஊறுகிறது. உடம்பு ஆபத்தைச் சமாளிக்கத் தயாராகிறது.

ஆபத்து நீங்கியதும் என்ன ஆகும்? கார்ட்டிசால் மூளைக்குத் திரும்பிப் போய், "போதும், நிறுத்து!" என்று சொல்கிறது. சி.ஆர்.எச். குறைகிறது. எல்லாம் அடங்குகிறது.

ஆக, இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி சி.ஆர்.எச். அப்படி ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று 1955-ம் ஆண்டிலேயே விஞ்ஞானிகள் கண்டுகொண்டார்கள். ஆனால் அதைத் தனியே பிரித்து எடுக்க முடியவில்லை. மூளையில் அது அவ்வளவு சொற்பமாக இருந்தது!

கடைசியில் 1981-ம் ஆண்டு, அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் வைலி வேல் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் வெற்றி பெற்றார்கள். லட்சக்கணக்கான ஆடுகளின் மூளைத் துணுக்குகளைச் சேகரித்து, அதில் இருந்து சி.ஆர்.எச்.சைப் பிரித்து எடுத்தார்கள். 41 மணிகளைக் கோத்த மாலை போல, 41 அமினோ அமிலங்கள் சேர்ந்த ஒரு பொருள் அது என்று தெரிந்தது.

எலிக்கு வலிப்பு

பொருள் கையில் கிடைத்துவிட்டது. இனிச் சோதனை செய்யலாம் அல்லவா?

1983-ம் ஆண்டில், சி.ஆர்.எச்.சை எலிகளின் மூளைக்குள் செலுத்திப் பார்த்தார்கள். சில மணி நேரம் கழித்து, எலிகளுக்கு வலிப்பு வந்தது!

ஆபத்துக் காலத்தில் உடம்பைக் காப்பாற்றும் அதே பொருள், அளவு மீறினால் வலிப்பை உண்டாக்குகிறது! இது யாரும் எதிர்பாராத செய்தி.

இந்தச் செய்தி, கலிபோர்னியாவில் ஒரு பெண் டாக்டரின் சிந்தனையைத் தூண்டியது. அவர் பெயர் டாலி பாராம். குழந்தைகளின் மூளை நோய்களுக்கு வைத்தியம் செய்பவர்.

அவர் இப்படி எண்ணினார்: சலாம் வலிப்பு பச்சைக் குழந்தைகளுக்குத்தான் வருகிறது. பெரியவர்களுக்கு வருவதில்லை. அப்படியானால், வளர்ந்த எலியை ஏன் சோதிக்க வேண்டும்? எலிக்குஞ்சைச் சோதித்தால் என்ன?

1991-ம் ஆண்டு அந்தச் சோதனையின் முடிவு வெளிவந்தது. பிறந்து சில நாட்களே ஆன எலிக்குஞ்சுகள் அவை. பெரிய எலிக்குத் தேவைப்பட்டதைவிட மிக மிகக் குறைந்த அளவு சி.ஆர்.எச்.சே போதுமானதாக இருந்தது. மணிக்கணக்கில் காத்திருக்கவும் தேவை இல்லை. சில நிமிடங்களிலேயே குஞ்சுகளுக்கு வலிப்பு வந்துவிட்டது. தாடை இழுத்தது. மெல்லுவது போல வாய் அசைந்தது. கால்கள் வெட்டின.

வளரும் மூளை, இந்த ஹார்மோனுக்கு எவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்கிறது என்பது தெளிவாயிற்று.

எங்கே ஆரம்பம்?

சரி, வலிப்பு என்றால் என்ன?

மூளையில் கோடிக்கணக்கான நரம்பு அணுக்கள் இருக்கின்றன. அவை சிறு சிறு மின்சாரத் துடிப்புகளால் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. சந்தைக்கடையில் ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசுவது போல, ஒவ்வொன்றும் தன் வேலையைப் பார்க்கும். வலிப்பு வரும்போது அப்படி அல்ல. ஒரு கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கை தட்டுவது போல, அணுக்கள் எல்லாம் ஒன்றாகத் துடிக்கும். அந்தத் துடிப்பு பக்கத்தில் உள்ள அணுக்களுக்கும் பரவும். உடம்பு இழுக்கும்.

கூரையில் தீப்பிடித்தால், அது எந்த மூலையில் பிடித்தது என்று பார்ப்பது அவசியம். அதுபோல, வலிப்பு மூளையில் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று தெரிந்தால்தான், அதைத் தடுக்கும் வழியும் தெரியும்.

இதற்கு மூளையைப் "படம்" பிடிக்கவேண்டும். எப்படி? விஞ்ஞானிகள் மூன்று வழிகளைக் கையாளுகிறார்கள்.

மூன்று வழிகள்

முதல் வழி, கம்பி. மயிரைப் போன்ற மெல்லிய கம்பிகளை மூளையின் பல இடங்களில் வைத்து, எந்த இடத்தில் மின்சாரம் முதலில் துள்ளுகிறது என்று காகிதத்தில் கோடாகப் பதிவு செய்வது. மிருகங்களின் மூளையில் மின்சாரம் ஓடுவதை 1875-ம் ஆண்டிலேயே கேட்டன் என்ற ஆங்கில டாக்டர் கண்டார். மனிதனின் மூளை மின்சாரத்தை 1924-ம் ஆண்டு முதன்முதலில் பதிவு செய்தவர், ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர்.

இரண்டாவது வழி, சர்க்கரை. மூளைக்கு உணவு சர்க்கரைதான். எந்தப் பகுதி கடுமையாக வேலை செய்கிறதோ, அது அதிகச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே, கதிர்வீச்சு உள்ள ஒரு வகைச் சர்க்கரையை மிருகத்தின் இரத்தத்தில் செலுத்துகிறார்கள். பிறகு மூளையை மெல்லிய வில்லைகளாகச் சீவி, போட்டோ பிலிம் மேல் வைக்கிறார்கள். அதிகமாக வேலை செய்த இடம் பிலிமில் கறுப்பாகத் தெரியும்! அமெரிக்காவில் சோக்கலாஃப் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1977-ம் ஆண்டில் இந்த வழியை வெளியிட்டார்கள்.

மூன்றாவது வழி, சாயம். நரம்பு அணு ஒன்று கடுமையாகத் துடித்தால், அதற்குள் "பாஸ்" என்ற ஒரு புரதப் பொருள் உண்டாகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது நிறைய சேர்ந்துவிடும். மூளை வில்லைக்கு ஒரு சாயம் ஏற்றினால், துடித்த அணுக்கள் எல்லாம் கரும்புள்ளிகளாகத் தெரியும். வலிப்பு வந்த மிருகத்தின் மூளையில் இந்தப் புள்ளிகள் எங்கெங்கே தோன்றுகின்றன என்று 1987-ம் ஆண்டில் படம் வரைந்து காட்டினார்கள்.

கம்பி, வலிப்பு நடக்கும் அந்த நொடியைக் காட்டும். சாயமும் சர்க்கரையும், எந்தெந்த இடம் அதில் சிக்கியது என்பதைக் காட்டும்.

வாதுமைப் பருப்பு

எலிக்குஞ்சுகளுக்கு சி.ஆர்.எச். கொடுத்து, கம்பிகளை வைத்துப் பார்த்தார் டாக்டர் பாராம். 1992-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று.

மூளையின் மேற்பரப்பில் வைத்த கம்பியில், பல சமயம் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. குஞ்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் மேலே உள்ள கம்பி பேசாமல் இருக்கிறது!

மூளையின் ஆழத்தில் வைத்த கம்பிதான் இரகசியத்தைச் சொல்லியது. காதுக்கு நேர் உள்பக்கமாக, மூளையின் ஆழத்தில் "அமிக்டலா" என்று ஒரு பகுதி இருக்கிறது. வாதுமைப் பருப்பு போல இருப்பதால் வந்த பெயர் அது. பயம் என்ற உணர்ச்சிக்கு முக்கியமான இடம் இதுதான்.

வலிப்பு, இந்த வாதுமைப் பருப்பில்தான் ஆரம்பித்தது! அங்கே இருந்து பக்கத்தில் உள்ள "ஹிப்போகாம்பஸ்" என்ற பகுதிக்குப் பரவியது. கடல் குதிரையைப் போல வளைந்து இருக்கும் அந்தப் பகுதி, ஞாபகசக்திக்கு உரிய இடம்.

பயத்தின் ஹார்மோன், பயத்தின் வீட்டிலேயே தீ வைக்கிறது. அந்தத் தீ, ஞாபகத்தின் வீட்டுக்குப் பரவுகிறது.

தீ அணைந்த பிறகு என்ன மிச்சம்? 1995-ம் ஆண்டில் அதையும் பார்த்தார்கள். நீண்ட நேரம் வலிப்பு வந்த குஞ்சுகளின் மூளையில், இதே இடங்களில் நரம்பு அணுக்கள் செத்துக் கிடந்தன.

சலாம் வலிப்பு வந்த குழந்தைகளில் பலருக்கு அறிவு வளர்ச்சி தடைப்படுவது ஏன் என்ற கேள்விக்கு, இது ஒரு குறிப்பாக அமைந்தது.

புதிருக்கு விடை

இப்போது பழைய புதிருக்கு வருவோம். ஏ.சி.டி.எச். எப்படி வலிப்பை நிறுத்துகிறது?

டாக்டர் பாராம் சொன்ன கருத்து இது: குழந்தையின் மூளைக்கு ஏதோ ஒரு ஊறு நேருகிறது. பிரசவத்தில் மூச்சுத் திணறல், நோய்க் கிருமி, பிறவிக் குறை, இப்படி எதுவாகவும் இருக்கலாம். அதனால் மூளையில் சி.ஆர்.எச். அளவுக்கு மீறி ஊறுகிறது. அது வலிப்பை உண்டாக்குகிறது. ஏ.சி.டி.எச். ஊசி போட்டால், சி.ஆர்.எச். ஊறுவது குறைகிறது. வலிப்பு நிற்கிறது.

2001-ம் ஆண்டில் இதற்கு ஆதாரமும் கிடைத்தது. எலிகளில், ஏ.சி.டி.எச். அட்ரினல் சுரப்பியின் உதவி இல்லாமலே அமிக்டலாவின் அணுக்களில் நேராக வேலை செய்து, அங்கே சி.ஆர்.எச். உற்பத்தியைக் குறைக்கிறது என்று தெரிந்தது.

இங்கே தாய்மார்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தை அழுதாலோ, பயந்தாலோ, யாரும் அதட்டினாலோ இந்த வலிப்பு வந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் அல்ல. எலிக்குஞ்சின் மூளைக்குள் நேராக ஹார்மோனைச் செலுத்திச் செய்த சோதனை இது. "என் கவனக்குறைவால்தான் குழந்தைக்கு இப்படி ஆகிவிட்டது" என்று எந்தத் தாயும் மனம் வருந்த வேண்டியது இல்லை.

வெற்றியும் தோல்வியும்

விஞ்ஞானத்தில் எல்லாம் நினைத்தபடியே நடந்துவிடுமா?

சி.ஆர்.எச்.சின் வேலையைத் தடுக்கும் மருந்து ஒன்றை எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். வலிப்பு தடைப்பட்டது. அதே வகை மருந்தை, சலாம் வலிப்பு உள்ள சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-ம் ஆண்டு வெளியான முடிவு ஏமாற்றமாக இருந்தது. வலிப்பு நிற்கவில்லை. இரத்தத்தில் போட்ட அந்த மருந்து, மூளைக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றிருக்கலாம் என்று டாக்டர்கள் கருதினார்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எலிக்குஞ்சுக்குத் தாடை இழுக்கிறது. குழந்தையோ சலாம் போடுகிறது. இரண்டும் ஒரே வலிப்பு அல்ல. எலி வழிகாட்டும். ஆனால் எலி, குழந்தை ஆகிவிடாது.

ஊசி நல்லதா, மாத்திரை நல்லதா என்ற போட்டியும் நடந்தது. 1996-ம் ஆண்டு வெளியான ஒரு சோதனையில், 29 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். அதிக அளவு ஏ.சி.டி.எச். ஊசி போட்ட 15 குழந்தைகளில் 13 பேருக்கு வலிப்பு நின்றது. பிரட்னிசோன் மாத்திரை கொடுத்த 14 குழந்தைகளில் 4 பேருக்கே நின்றது.

ஆனால் பிற்காலத்தில், மாத்திரையின் அளவை அதிகப்படுத்தியபோது நிலைமை மாறியது. இலங்கையில் 97 குழந்தைகளுக்கு நடந்த சோதனையின் முடிவு 2015-ம் ஆண்டில் வெளிவந்தது. பிரட்னிசோலோன் என்ற மாத்திரை, அங்கே பயன்படுத்திய ஏ.சி.டி.எச். ஊசிக்குக் குறைந்தது அல்ல என்று அது காட்டியது. ஊசி மருந்து விலை அதிகம். மாத்திரை விலை குறைவு. ஏழைக் குடும்பங்களுக்கு இது நல்ல செய்தி.

ஊசியோ மாத்திரையோ, இரண்டுமே பலமான மருந்துகள். இரத்த அழுத்தம் ஏறலாம். நோய்க் கிருமிகள் சுலபமாகத் தொற்றலாம். டாக்டரின் மேற்பார்வையில்தான் கொடுக்கவேண்டும். திடீர் என்று நிறுத்தவும் கூடாது. இவை தவிர, விகாபட்ரின் என்ற மருந்தும் இந்த நோய்க்குக் கொடுக்கப்படுகிறது.

தாமதம் கூடாது

சலாம் வலிப்பு அடிக்கடி காணப்படும் நோய் அல்ல. ஏறக்குறைய 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். பெரும்பாலும் பிறந்த 3-வது மாதத்தில் இருந்து ஒரு வயதுக்குள் ஆரம்பிக்கும்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பார்ப்பதற்கு இது வலிப்பு மாதிரியே இருக்காது. "வயிற்று வலியால் மடங்குகிறது" என்பார்கள். "திடுக்கிட்டு விழிக்கிறது" என்பார்கள். "விளையாட்டாகத் தலையை ஆட்டுகிறது" என்றுகூடச் சொல்வார்கள். வாரங்கள் ஓடிவிடும்.

குழந்தை தூங்கி எழுந்ததும், தலையோ உடம்போ திடீர் என்று மடங்கி, கைகள் விரிந்து, சில வினாடிக்கு ஒரு முறை அதுவே வரிசையாக வந்தால், அது விளையாட்டு அல்ல. முன்பு சிரித்த குழந்தை இப்போது சிரிக்காமல் இருந்தால், உடனே கவனிக்கவேண்டும். அந்த அசைவை டெலிபோனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுவது மிகவும் நல்லது. மூளை மின்சாரத்தைப் பதிவு செய்து பார்த்தால், டாக்டருக்கு விவரம் தெரிந்துவிடும்.

வைத்தியம் எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறதோ, குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு அவ்வளவு நல்லது.

அன்று டன்பிரிட்ஜில் ஒரு தகப்பனார், தம் மகனின் தலை குனிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குழந்தையின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் கண்ணால் கண்டதை ஒன்று விடாமல் எழுதி வைத்தார். அந்தக் கடிதத்தைப் படித்துத்தான், பின்னால் வந்த டாக்டர்கள் இந்த நோயை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

பெயர் தெரியாத எலிக்குஞ்சுகளோ, தங்கள் உயிரைக் கொடுத்து, தீ பற்றும் இடத்தைக் காட்டின.

ஜேம்சைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் இன்று தலை குனியும் குழந்தைகளில் பலரை நிமிர வைக்க முடியும். அதற்கு முதலில் வேண்டியது, கவனித்துப் பார்க்கும் ஒரு தாய் அல்லது தகப்பனின் கண்!